இடியாப்பத்துக்குப் பதினேழு குழந்தைகள்

பாம்பு முட்டை போடுமா, குட்டி போடுமா?

ஆபீஸில் எட்டுப் பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஏழு பேர் ‘முட்டை’ என்றார்கள். எட்டாமவர், “காலங்கார்த்தால ஏன் சார் அதைப் போய் ஞாபகப்படுத்தறீங்க?” என்றார். ஏழு பேருக்கும் பாதி மார்க். நல்ல பாம்பு, கட்டுவிரியன், சாரை எல்லாம் முட்டைக் கோஷ்டி. கண்ணாடி விரியனும் மண்ணுளியும் நேரடியாகக் குட்டிதான். அதுவும் கண்ணாடி விரியன் ஒரே பிரசவத்தில் முப்பது, நாற்பது என்று போட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடும்.

போட்டுவிட்டுப் போகிற வசதி பாம்புக்கு இருக்கிறது. பாம்பு வளர்ப்பவர்களுக்குக் கிடையாது. அந்தச் சங்கடத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

2023 ஜூலையில் மிச்சிகன் போயிருந்தேன். டெட்ராய்ட்டை ஒட்டிய ஒரு புறநகரில் என் பள்ளித் தோழன் இருக்கிறான். கோபிச்செட்டிபாளையத்துக்காரன். ப்ளஸ் டூ முடித்ததும் அவன் இன்ஜினீயரிங் போனான், நான் பி.காம். போனேன். அவன் கார்களுக்கு பிரேக் டிசைன் பண்ணுகிறான். நான் இப்படி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியிலேயே சொன்னான். “மாப்ள, வீட்ல ஒரு விசேஷம். பேஸ்மென்ட்ல பிரசவம் ஆயிருக்கு.”

நாய் என்று நினைத்தேன்.

அவன் மகளுக்கு அப்போது பதினாறு வயது. பெட்டியை இறக்கி வைக்கக்கூட விடவில்லை. கையைப் பிடித்துக் கீழே கூட்டிப் போனாள். ஷெல்ஃபில் வரிசையாக, சாம்பார் பொடி போட்டு வைக்கிற மாதிரி பிளாஸ்டிக் டப்பாக்கள். மூடியில் ஊசி ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் ஈரமான டிஷ்யூ பேப்பர், சோடா மூடியில் தண்ணீர், ஒரு பென்சில் நீளத்தில் ஒரு பாம்புக்குட்டி. இளம் பழுப்பு உடம்பில் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்புக் கட்டங்கள், முதுகோடு ஓடும் ஒரு மஞ்சள் கோடு.

“பதினேழு, அங்கிள். பிறந்து மூணு வாரம். அம்மா அங்கே இருக்கா.”

அம்மா ஒரு கண்ணாடித் தொட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில், பிள்ளை பெற்ற களைப்பெல்லாம் தீர்ந்து படுத்திருந்தது. பெயர் இடியாப்பம். பக்கத்துத் தொட்டியில் அப்பா. பெயர் முறுக்கு.

இவை கார்ட்டர் பாம்புகள். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் காலுறை நழுவாமல் இருக்க முழங்காலுக்குக் கீழே ஒரு நாடா கட்டுவார்கள், அதற்குப் பெயர் கார்ட்டர். கோடு போட்ட நாடா மாதிரி இருப்பதால் பாம்புக்கும் அதே பெயர். கனடா தொடங்கி மத்திய அமெரிக்கா வரை முப்பதுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. வீட்டுத் தோட்டத்தில், குளத்தங்கரையில், சமயத்தில் கிரிக்கெட் பந்து தேடப் போகிற புதரில்கூடத் தென்படும் (அங்கே பேஸ்பால் பந்து). நம் ஊர் தண்ணிப்பாம்பு இருக்கிறதே, நீர்க்கோலி, அதற்கு இது தூரத்துச் சொந்தம். இரண்டும் ஒரே கிளையில் வருபவை. கடித்தால் ஆளைக் கொல்லாது. எச்சிலில் தவளையை மயக்கும் அளவுக்கு லேசான விஷம் உண்டு, சிலருக்கு விரல் வீங்கும், அவ்வளவுதான். கையில் எடுத்ததும் பயந்துபோனால் வாலடியிலிருந்து ஒரு திரவத்தைப் பீய்ச்சும். அந்த நாற்றம், மத்தியான வெயிலில் மூடிய மீன் மார்க்கெட். என் சட்டையை இரண்டு தரம் துவைத்தும் போகவில்லை.

இடியாப்பமும் முறுக்கும் டெக்ஸஸ், மெக்ஸிகோ பக்கத்து வகை. காட்டில் பிடித்தவை அல்ல. இன்னொருவர் வீட்டுத் தொட்டியில் பிறந்தவற்றை 2020 தொடக்கத்தில் ஒரு பாம்புக் கண்காட்சியில் வாங்கினார்கள். கார்ட்டர் பாம்பு வளர்ப்பவர்களுக்கு இது முக்கியமான விஷயம். கனடாவின் மானிடோபா மாகாணத்தில் நார்சிஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே சுண்ணாம்புப் பாறைப் பிளவுகளுக்குள், பனி உறையாத ஆழத்தில், பல்லாயிரம் கார்ட்டர் பாம்புகள் ஒன்றாகக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஏப்ரல் கடைசியில், மே தொடக்கத்தில் வெளியே வரும். ஆண்கள் முதலில் வந்து வாசலிலேயே காத்திருக்கும். ஒரு பெண் தலையை நீட்டினால் போதும், டஜன் கணக்கில் சூழ்ந்துகொண்டு ஒரு பந்தாகவே ஆகிவிடும். ஒரு காலத்தில் அந்த இடத்திலிருந்து சாக்குச் சாக்காக அள்ளி வியாபாரம் செய்தார்கள். மாகாண அரசு பிறகு அதை நிறுத்தியது. நெடுஞ்சாலையில் அடிபட்டு ஆயிரக்கணக்கில் சாகின்றன என்று வேலி போட்டு, சாலைக்கு அடியில் சுரங்கப் பாதையும் அமைத்தார்கள். பாம்புக்கு சப்வே! நம் ஊரில் மனிதர்களுக்கே பல இடங்களில் இல்லை என்று சொல்லிக் கிண்டல் பண்ணலாம், வேண்டாம்.

சரி, இந்த வீட்டுக்கு வருவோம். இடியாப்பத்துக்கு முன்னால் ஒன்று இருந்தது. அதன் பெயர் சந்தகை. (கொங்கு நாட்டு வாசகர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்கள் ஒருமுறை கோயமுத்தூர் பக்கம் போய்ச் சாப்பிட்டுவிடுவது நல்லது.) பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதில், பிறந்தநாளுக்கு வாங்கியது. செல்லப்பிராணிக் கடைக்காரர், “கோல்டு ஃபிஷ் போடுங்க, விரும்பிச் சாப்பிடும்” என்றிருக்கிறார். விரும்பித்தான் சாப்பிட்டது. எட்டு மாதம் வேறெதுவும் இல்லை, தங்க மீன் மட்டுமே. ஒருநாள் பார்த்தால் தலை ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. மல்லாந்து விழுந்தால் புரண்டு எழ முடியவில்லை. வலிப்பு மாதிரி வெட்டி வெட்டி இழுத்தது. விலங்கு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, “என்ன மீன் கொடுத்தீர்கள்?”

தங்க மீன் போன்ற சில மீன்களின் உடம்பில் தயமினேஸ் என்று ஓர் என்சைம் இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டே பாம்பு சத்துக் குறைவில் நரம்பு தளர்ந்து போகும். நமக்கு பெரிபெரி வருவதும் இதே பி1 இல்லாமல்தான். 1890-களில் ஜாவா தீவில் எய்க்மன் என்ற டச்சு டாக்டர், பளபளவென்று தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுவதையும், தவிடு போகாத அரிசி போட்டதும் அவை எழுந்து நடப்பதையும் கவனித்தார். அதிலிருந்து பிறந்த ஆராய்ச்சிக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஜாவாக் கோழியும் மிச்சிகன் பாம்பும் ஒரே வியாதியில் விழுந்திருக்கின்றன.

டாக்டர் பி1 ஊசி போட்டார். சீக்கிரம் கொண்டுபோனால் பிழைக்கும். சந்தகை பிழைக்கவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பெண் மாறிவிட்டாள் என்றான் நண்பன். அழுகை ஓய்ந்ததும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினாள். அதை எனக்குக் காட்டினாள். தேதி, எடை, என்ன தீனி, எத்தனை கிராம், எப்போது சட்டை உரித்தது, கழிவு எப்படி இருந்தது. பி.காம். படித்த கண்ணுக்கு அது அசல் பேரேடு. அடித்தல் திருத்தல் கிடையாது. தப்பாக எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்து வைத்திருந்தாள். இதைச் செய்யாத ஆடிட்டர்களை எனக்குத் தெரியும்.

தீனி விஷயத்தில் அவள் இப்போது ஒரு வக்கீல். சால்மனும் ட்ரவுட்டும் சரி, தங்க மீன் கூடாது. வெறும் மீன் துண்டு மட்டும் போட்டால் சுண்ணாம்புச் சத்து கிடைக்காது, அதனால் எலும்போடு முழுசாகக் குட்டி மீனோ, உறைய வைத்து வாங்கிய எலிக்குஞ்சோ அவ்வப்போது வேண்டும். மண்புழுவில் தூண்டிலுக்கு விற்கிற பெரிய புழு நல்லது. உரக்குழியில் வளர்க்கிற சின்னச் சிவப்புப் புழு ஆகாது. அதன் உடம்புத் திரவம் பாம்புக்கு விஷம். நல்ல புழு அங்கே பெட்ரோல் பங்க்கில் கிடைக்கிறது! ஃப்ரிட்ஜில் குளிர்பானத்துக்குப் பக்கத்தில், தயிர் டப்பா மாதிரி ஒரு டப்பாவில். மண்புழுவுக்குத் தமிழில் ‘பூநாகம்’ என்றொரு பெயர் உண்டு என்று சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டாள். நாகம் பூநாகத்தைத் தின்கிறது என்று நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

வீட்டில் இதற்கெல்லாம் எப்படிச் சம்மதித்தார்கள்?

நண்பனின் மனைவி சம்மதிக்கவில்லை. அனுமதித்தார், அவ்வளவுதான். மாடிப்படியில் மூன்றாவது படிக்குக் கீழே அவர் நான்கு வருடமாக இறங்கியதில்லை. துணி துவைக்கிற மெஷின் பேஸ்மென்ட்டில் இருந்தது, அதை மேலே கொண்டுவர எண்ணூறு டாலர் செலவழித்தார்கள். ஐடஹோ மாநிலத்தில் ரெக்ஸ்பர்க் என்ற ஊரில், கார்ட்டர் பாம்புகள் கூட்டமாகக் குளிர்காலம் கழிக்கிற இடத்தின் மேல் கட்டிய வீட்டை ஒரு குடும்பம் வாங்கி மாட்டிக்கொண்ட கதையை அவர் டிவியில் பார்த்திருக்கிறார். சுவருக்குள் பாம்பு, குடிக்கிற தண்ணீரில் பாம்பு நாற்றம். கடைசியில் வீட்டை விட்டே போய்விட்டார்கள். “அண்ணா, அங்க மட்டும் அந்தப் பொம்பளை தானா போய் வளர்க்கலீங்க. இங்க நாமளே காசு குடுத்து வாங்கி வெச்சிருக்கோம்” என்றார் என்னிடம்.

நண்பனின் அம்மா விஷயம் வேறு. ஆறு மாத விசாவில் கோபியிலிருந்து வந்திருந்தார். எழுபத்தைந்து வயது. முதல் நாளே பேத்தியோடு கீழே போய், கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாராம். “இதென்ன கண்ணு, நம்மூர்த் தண்ணிப்பாம்பாட்ட இருக்குது?” என்றிருக்கிறார். விஞ்ஞானி நூல் பிடித்துச் சொன்ன சொந்தத்தை பாட்டி பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை ஒரு கிண்ணத்தில் பால் கொண்டுபோனார். பேத்தி தடுத்தாள்.

“பாட்டி, பாம்பு பால் குடிக்காது. அதுக்கு ஜீரணமே ஆகாது.”

“அது எனக்குத் தெரியாதா கண்ணு? நாங்க புத்துக்கு ஊத்தறது அது குடிக்கறதுக்கில்ல.”

“பின்னே எதுக்கு?”

“அது ஊட்டுக்கு வராம இருக்கறதுக்கு.”

வந்தே விட்ட பாம்புக்கு என்ன செய்வது என்று பாட்டியின் சாஸ்திரத்தில் இல்லை. அந்தப் பாலை பேத்தியே குடித்துவிட்டாளாம்.

குட்டி போட வைப்பது பெரிய வித்தை இல்லை. குளிர் வேண்டும், பொறுமை வேண்டும். 2022 நவம்பரில் இரண்டு வாரம் தீனியை நிறுத்தினாள். வயிற்றில் ஏதாவது இருக்கும்போது குளிரில் வைத்தால் செரிக்காமல் உள்ளேயே அழுகி, பாம்பு செத்துப்போகும். பிறகு பேஸ்மென்ட்டின் சில்லென்ற மூலையில், பத்துப் பன்னிரண்டு டிகிரியில், இருட்டில் இரண்டரை மாதம். தண்ணீர் மட்டும். பிப்ரவரியில் மெல்லச் சூடாக்கி, நன்றாகச் சாப்பிட வைத்து, மார்ச்சில் ஒரே தொட்டியில் விட்டாள். முறுக்கு தன் தாடையை இடியாப்பத்தின் முதுகு நெடுகத் தேய்த்துக்கொண்டே போனது. அவ்வளவுதான் கல்யாணம்.

அதற்கப்புறம் மூன்று மாதம் இடியாப்பம் விளக்கடியை விட்டு நகரவில்லை. குட்டி போடுகிற பாம்பின் சாமர்த்தியமே அதுதான். முட்டையை மண்ணில் புதைத்தால் குளிர்ப் பிரதேசத்தில் அது பொரியாது. வயிற்றிலேயே வைத்துக்கொண்டால், வெயில் எங்கே விழுகிறதோ அங்கே போய்ப் படுத்துக்கொள்ளலாம். கார்ட்டர் பாம்பு அத்தனை வடக்கே, மற்ற பாம்புகள் எட்டிப் பார்க்காத இடம் வரை போய் வாழ்வதற்கு இது பெரிய காரணம்.

ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை, மதியத்துக்குள் பதினேழு. ஒவ்வொன்றும் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு மெல்லிய பைக்குள் வந்தது. தானே கிழித்துக்கொண்டு வெளியே வந்து, அன்றைக்கே முதல் சட்டையை உரித்துப் போட்டது. இடியாப்பம் மேலேயே ஊர்ந்து போய்த் தண்ணீர் குடித்தது. தாய் என்ற ஹோதா எல்லாம் அதற்குக் கிடையாது.

பதினேழு டப்பா ஏன் என்று இப்போது புரியும். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்தால் பாசமாகத்தான் இருக்கும். கார்ட்டர் பாம்பு கூட்டம் விரும்பும். 2020-ல் கனடாவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், கார்ட்டர் குட்டிகள் குறிப்பிட்ட சில குட்டிகளோடுதான் திரும்பத் திரும்பப் போய் ஒட்டிக்கொள்கின்றன என்று காட்டினார்கள். கலைத்து வைத்தாலும் பழைய ஜோடியைத் தேடிப் போகும். சாப்பாட்டு நேரத்தில்தான் ஆபத்து. ஒரு புழுவின் இரண்டு முனையையும் இரண்டு குட்டிகள் கவ்வினால், இரண்டுமே விடாது. புழு தீர்ந்ததும் பெரிய வாய் சின்னத் தலைமேல் போகும். கொலை எண்ணமே கிடையாது, நிறுத்தத் தெரியாதது மட்டும்தான். அதனால் தனித்தனி டப்பா, தனித்தனிப் பந்தி.

பதினேழில் ஒன்று சாப்பிடவில்லை. மண்புழுவை வெங்காயம் மாதிரிப் பொடியாக நறுக்கி வைத்தாள். திரும்பிக்கொண்டது. மீனில் புழுவைத் தடவி வாசனை காட்டினாள். இருட்டில் வைத்தாள், சூடாக வைத்தாள். நான் அங்கே இருந்த பத்து நாளும் காலையில் முதல் வேலையாக அந்த டப்பாவைத் திறந்து பார்ப்பாள். நான் கிளம்புவதற்கு முந்தின நாள் அது அசையவில்லை. பேரேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே தேதி போட்டு, கோடு இழுத்து மூடினாள். பேசவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அவள் அம்மாதான், “ரெண்டு வாரம் போராடினா, அண்ணா” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மீதி பதினாறு. இவற்றை என்ன செய்வது?

வெளியே விட்டுவிடலாமே என்று நீங்கள் சொல்லக்கூடும். நானும் கேட்டேன். அவள் என்னைத் திருப்பிக் கேட்டாள், “மாசி, வடிவேல் தெரியுமா அங்கிள்?” எனக்குத் தெரியாமலா? செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும். 2017-ல் அவர்களை ஃப்ளோரிடாவுக்கு வரவழைத்தார்கள். அங்கே சதுப்புக் காட்டில் பர்மா மலைப்பாம்புகள் பெருகி, முயல், ரக்கூன் எல்லாவற்றையும் துடைத்துத் தின்றுகொண்டிருந்தன. அவை அமெரிக்கப் பாம்புகளே இல்லை. செல்லமாக வளர்க்க வாங்கி, பெரிதானதும் சமாளிக்க முடியாமல் விட்டவையும் தப்பித்தவையும் போட்ட வம்சம். கருவி, நாய், போட்டி என்று என்னவெல்லாமோ செய்து பார்த்துவிட்டு, கடைசியில் தடம் பார்த்துப் பாம்பு பிடிக்க வடநெம்மேலியிலிருந்து ஆள் போக வேண்டியிருந்தது. முதல் சில வாரத்திலேயே ஒரு டஜனுக்கு மேல் பிடித்துக் கொடுத்தார்கள். இரண்டு பேருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ.

டெக்ஸஸ் பாம்பை மிச்சிகன் தோட்டத்தில் விட்டால் பெரும்பாலும் குளிரில் செத்துப்போகும். சாகாமல், தொட்டியில் பிடித்த ஒரு நோயை உள்ளூர்ப் பாம்புகளுக்குக் கொடுத்தால்? இரண்டுமே அவளுக்குச் சம்மதமில்லை.

அப்படியானால் யாருக்காவது கொடுக்க வேண்டும். இங்கேதான் என் பி.காம். மூளை விழித்துக்கொண்டது. இந்த வியாபாரத்தின் அடிப்படைக் கணக்கே தப்பு. ஒரு தாய் பதினைந்து, இருபது, முப்பது என்று போடுகிறது. வாங்குகிறவர்களோ சொற்பம். வெள்ளை நிறத்தில், சிவப்பு நிறத்தில் அபூர்வமாகப் பிறப்பவற்றுக்கு நல்ல விலை உண்டு. சாதாரணக் கட்டம் போட்டதற்குச் சந்தையில் மதிப்பே கிடையாது. “அப்ப சும்மா குடுத்துர வேண்டியதுதானே?” என்றேன்.

“சும்மா குடுத்தா சாப்பாட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க, அங்கிள்.”

மற்ற பாம்புகளைத் தின்னும் ராஜபாம்பு வகைகளை வளர்ப்பவர்கள் உண்டு. இலவசக் குட்டிகள் அவர்களுக்கு மலிவுத் தீனி. அதனால் குட்டி ஒன்றுக்கு நாற்பது டாலர் என்று விலை வைத்தாள். பணத்துக்காக இல்லை, வடிகட்டுவதற்காக. விலை என்பது தேவைக்கும் வரத்துக்கும் நடுவில் தானாக வந்து நிற்கிற புள்ளி என்று எனக்கு மூன்று வருடம் சொல்லிக் கொடுத்தார்கள். வாசலில் நிறுத்தி வைக்கிற கூர்க்காவாகவும் அது இருக்கலாம் என்று எந்தப் பேராசிரியரும் சொல்லவில்லை.

நாற்பது டாலர் போதாது, பரீட்சையும் உண்டு. தொட்டியின் மூடிக்குப் பூட்டு இருக்கிறதா? (கார்ட்டர் பாம்பு சுண்டுவிரல் இடுக்கில் நழுவிவிடும்.) என்ன மீன் போடுவீர்கள்? பத்து வருடம் வாழக்கூடியது, உங்கள் பையன் வேறு ஊருக்குப் படிக்கப் போனால் யார் பார்ப்பது? நான் இருந்தபோது ஒருவர் வந்தார். நல்ல மனிதராகத் தெரிந்தார். மூன்று வேண்டும் என்றார். விலை கேட்கவில்லை, ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. ‘எவ்வளவு பருமன் இருக்கும்?’ என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே, “இப்போதைக்குக் கொடுப்பதாக இல்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது.

இந்த இடத்தில் ஒரு நிமிடம். இதைப் படித்துவிட்டு யாரும் குளத்தங்கரைக்கு டப்பாவோடு கிளம்பிவிடாதீர்கள். நம் ஊர்ப் பாம்பை வீட்டில் வைத்துக்கொள்வது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்குப் பெட்டியில் துணிக்கு நடுவே பாம்புக் குட்டிகளைச் சுருட்டி வந்து சுங்கத்தில் மாட்டுகிறவர்களைச் செய்தியில் படித்திருப்பீர்கள். அமெரிக்காவிலும் எல்லாம் செல்லாது. ஜார்ஜியா மாநிலத்தில் உள்ளூர்க் கார்ட்டர் பாம்பை அனுமதியில்லாமல் வைத்துக்கொள்ளக் கூடாது. கார்ட்டர்களிலேயே பேரழகு, நீலப்பச்சையும் சிவப்பும் கலந்த சான்பிரான்சிஸ்கோ வகை. 1967-லிருந்து அழியும் நிலைப் பட்டியலில் இருக்கிறது, தொடவே முடியாது. அது மிக அதிகமாக வாழும் இடம் எது தெரியுமா? சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்குச் சொந்தமான காலி நிலம். நம் ஆட்கள் இறங்கி, டாக்ஸி தேடுகிற இடத்திலிருந்து கூப்பிடு தூரம்.

பதினாறும் இடம் சேர நான்கு மாதம் ஆனது. முறுக்கையும் அக்டோபரில், ஒரு பள்ளிக்கூட அறிவியல் டீச்சருக்குக் கொடுத்தாள். இனிப் பிரசவம் வேண்டாம், இடியாப்பம் மட்டும் போதும் என்று முடிவு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரவு செலவு போட்டு எனக்கு வாட்ஸ்அப் பண்ணியிருந்தாள். நான் சரிபார்த்தேன். டப்பா, புழு, மீன், மின்சாரம், டாக்டர் எல்லாம் சேர்த்து முந்நூற்றுப் பதினோரு டாலர் நஷ்டம்.

2024 ஜூலையில் அப்பாவும் மகளும் இந்தியா வந்தார்கள். ஆகஸ்ட்டில் அவள் கல்லூரி போக வேண்டும், அதற்கு முன்னால் பாட்டியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று. சென்னையில் என் வீட்டில் இரண்டு நாள். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை மீன் துண்டை நீளமான இடுக்கியால் தொட்டிக்குள் போட்டுவிட்டு ஓடி வந்தால் போதும் என்று ஏற்பாடு.

காலை ஐந்தரை மணிக்கு நண்பனின் போன் அலறியது. ஸ்பீக்கரில் போட்டான்.

“ஏனுங்க… இது குட்டி போட்டுட்டு இருக்குது!”

“ஆம்பளப் பாம்பையே குடுத்தாச்சே!”

“அதை என்கிட்டக் கேட்டா? இங்க வந்து இடியாப்பத்தைக் கேளுங்க!”

மகள் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். பத்து விநாடி யோசித்தாள். பெண் கார்ட்டர் பாம்பு, சேர்ந்த ஆணின் விந்தை மாதக் கணக்கில் உடம்புக்குள் சேமித்து வைத்துக்கொள்ளும். இலையுதிர் காலத்தில் சேர்ந்து, குளிர்காலத்தைக் கடந்து, அடுத்த கோடையில் பெற்றெடுப்பது அதற்குச் சகஜம். அக்டோபரில் முறுக்கு கிளம்புவதற்கு முன்னால் விவகாரம் நடந்திருக்கிறது.

“அம்மா, எத்தனை?”

“நாலு… இரு, அஞ்சு. எனக்கு கை நடுங்குது சாமி.”

“நீ எங்க நிக்கறே?”

“கீழதான்.”

“எந்தப் படியில?”

“படியில எங்க? தொட்டிகிட்ட நிக்கறேன்.”

எங்கள் மூவருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. மகள்தான் முதலில் சுதாரித்தாள். டப்பாக்கள் எந்த ஷெல்ஃபில், டிஷ்யூவை எவ்வளவு நனைப்பது, மூடியில் எவ்வளவு தண்ணீர், எப்படித் தூக்குவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தூக்குவது என்றதும் மறுமுனையில் நீண்ட மௌனம். “தோசைக் கரண்டியில எடுக்கலாமா?” என்று கேட்டார். எடுக்கலாம் என்றாள். ஒன்றரை மணி நேரம் போன் ஓடியது. என் மனைவி காபி போட்டுக் கொண்டுவந்து வைத்து, ஆறி, திரும்பப் போட்டாள். மொத்தம் ஆறு குட்டிகள். ஆறாவதை டப்பாவில் விட்டு மூடியை அழுத்தும் ‘டிக்’ சத்தம் எங்களுக்குக் கேட்டது.

நான்காம் நாள் அந்த அம்மாள் பெட்ரோல் பங்க்குக்குத் தானே போய்ப் புழு வாங்கினார். கொத்தவரங்காய் நறுக்குகிற மாதிரி நறுக்கி வைத்தாராம். தனிக் கத்தி, தனிப் பலகை. அந்தப் பலகை வேறெதற்கும் ஆகாது என்று கறுப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்.

மகள் ஆகஸ்ட்டில் கல்லூரிக்குப் போனாள். ஹாஸ்டலில் மீன் தொட்டி மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம். அதனால் அந்த நோட்டுப் புத்தகம் இப்போது அவள் அம்மாவிடம். ஆறு குட்டிகளுக்கும் பெயர் வைத்தது அவர்தான். கம்பு, தினை, சாமை, வரகு, ராகி, குதிரைவாலி. விலையை ஐம்பது டாலராக்கிவிட்டார். பரீட்சையில் மகளைவிடக் கண்டிப்பு என்று நண்பன் சொல்கிறான். ஒருவரிடம் தொட்டியின் பூட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அது சரியில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்.

நான்கு போய்ச் சேர்ந்தன. வரகுக்கு ஒரு வீடு பேச்சுவார்த்தையில் இருந்தது. குதிரைவாலி என்ன ஆச்சு என்று போனில் கேட்டேன்.

“அது புழு திங்க மாட்டேங்குதுங்க அண்ணா. மீன் மட்டும்தான், அதுவும் நான் இடுக்கியில நீட்டினாத்தான். வேற யாருக்குக் குடுக்கறது?” என்றார்.